பாலேயும் கன்டெம்பரரியும்: கீழே விழவும் சொல்லித் தருவார்களா?

தொலைக்காட்சி நடனப் போட்டியில் "அடுத்தது கன்டெம்பரரி ரவுண்டு" என்று அறிவித்தால் என்ன வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேடை நீலமாகும். புகை கிளம்பும். சோகப் பாட்டு ஒன்று ஓடும். சாம்பல் நிற உடையில் ஒரு பெண் தரையில் புரண்டு எழுந்து, மறுபடி விழுந்து புரள்வாள். கடைசியில் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பாலே என்றால் இன்னும் சுலபம்: வெள்ளை கவுன், கால்விரல் நுனி, அன்னப்பறவை.

இப்படி ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது என் பெரியம்மா கேட்டார்: "இதுக்கெல்லாமா கிளாஸ் போறாங்க? கீழ விழுறதுக்குக்கூடவா சொல்லித் தருவாங்க?"

ஆமாம், சொல்லித் தருகிறார்கள். வருஷக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். பெரியம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த இரண்டு நடனங்களுக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகப் பிடிபடும். பொதுவாகச் சொல்லப்படும் "பாலே பழசு, கன்டெம்பரரி புதுசு" என்பதும், "பாலேக்கு விதி உண்டு, கன்டெம்பரரிக்கு விதி இல்லை" என்பதும் பாதி உண்மைகள்தான்.

வெண்பாவும் புதுக்கவிதையும்

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். வெண்பா எழுத வேண்டுமானால் அடிக்கு நாலு சீர், ஈற்றடிக்கு மூன்று. இந்தச் சீருக்கு அடுத்து இந்தச் சீர்தான் வரலாம் என்று தளைக் கணக்கு. முடிக்கும்போதுகூட நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்ப்பாட்டில் ஒன்றில்தான் முடிக்க வேண்டும். எழுதுகிறவர் பிறப்பதற்கு முன்பே விதி இருக்கிறது. தளை தட்டினால் யாப்பு தெரிந்த யாரும் எந்த ஊரில் இருந்தும் சொல்லிவிடலாம்.

புதுக்கவிதையில் அந்தக் கணக்கு இல்லை. அதனால் "உரைநடையை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதையா?" என்ற கேலி இன்றும் ஓயவில்லை. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விதி இல்லாமல் இல்லை. அந்தக் கவிதைக்கு வேண்டிய விதியை அந்தக் கவிஞரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாலே வெண்பாவைப் போல. அடிப்படைக் கால்நிலைகள் ஐந்து. அசைவுகள் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் உண்டு: ப்ளியே என்றால் மடித்தது, ஜெத்தே என்றால் வீசியது, பா தெ ஷா என்றால் பூனை நடை. மாஸ்கோவில் கற்றவர் ஹவானாவில் வகுப்புக்குப் போனாலும் ஆசிரியர் சொல்வது புரியும். நம் பரதநாட்டிய அடவுகளும் இதே வகைதான். தட்டடவு என்றால் எந்தப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கன்டெம்பரரியில் அப்படி ஒரு பொது அகராதி கிடையாது. நடன அமைப்பாளர், அதாவது அசைவுகளை உருவாக்கிக் கோக்கிறவர், ஒவ்வொரு படைப்புக்கும் தன் அகராதியைத் தானே எழுதுகிறார். அது ஒரு நடன வகையின் பெயர் என்பதைவிட, பல வகைகளைப் போட்டுவைத்த ஒரு பெரிய பை என்பது பொருத்தம்.

சுருக்கமாக: பாலேயில் சொற்கள் முன்கூட்டியே இருக்கின்றன, கன்டெம்பரரியில் அவற்றை உண்டாக்குவதும் வேலையின் பாதி. ஆனால் இது கட்டமைப்பு வித்தியாசம் மட்டும். உடம்பில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை.

அரண்மனையில் பிறந்த இலக்கணம்

பாலே இத்தாலிய அரண்மனை விருந்துகளில் முளைத்து பிரான்சில் வளர்ந்தது. பதினான்காம் லூயி மன்னரே நல்ல நடனக்காரர். 1653இல், பதினான்கு வயதில், சூரியக் கடவுள் அப்பல்லோவாக வேடமிட்டு ஆடியிருக்கிறார். 1661இல் அவர் தொடங்கிய நடன அகாதமியின் வேலையே இலக்கணம் வகுப்பதுதான். ஐந்து கால்நிலைகளை முறைப்படுத்திய பெருமையை அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷாம்புக்குக் கொடுப்பார்கள்.

அந்த ஐந்து நிலைக்கும் பொதுவான ஒன்று உண்டு: கால்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இதற்கு டர்ன்அவுட் என்று பெயர். வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பாதம் முன்னால் பார்க்க, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். தொடை எலும்பின் மேல்முனையில் பக்கவாட்டில் புடைத்த பகுதி ஒன்று இருக்கிறது. அது இடுப்பெலும்புக்குக் கீழே வந்து இடிக்கும். இப்போது அதே காலைத் தொடையிலிருந்தே வெளிப்பக்கம் திருப்பிவிட்டுத் தூக்குங்கள். புடைப்பு பின்னால் ஒதுங்கிவிடுவதால் கால் இன்னும் மேலே போகும். பாலேக்காரர்கள் காலைக் காதுவரை தூக்குவதன் தொடக்கம் இதுதான். (முழங்காலை மட்டும் முறுக்கிப் பாதத்தைத் திருப்பக் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் மூட்டைக் கெடுத்துக்கொள்வது அப்படித்தான்.)

பரதநாட்டியத்தில் முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி தெரிந்தவர்கள் "இது எங்களுக்குப் புதிதா?" என்பார்கள். அங்கேயும் தொடை வெளிப்பக்கம்தான் திரும்புகிறது. ஆனால் அரைமண்டி நாம் குடியிருக்கும் வீடு. ஆட்டத்தின் பெரும்பகுதியை அதிலேயே உட்கார்ந்து ஆடுகிறோம். பாலேயின் ப்ளியே ஒரு பஸ் ஸ்டாப். மடங்குவது மேலே போவதற்காக. யாரும் அங்கே தங்குவதில்லை.

இரண்டையும் தன் உடம்பில் அறிந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஈர்க்கப்பட்டு, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் அவர் முதலில் கற்றது பாலேதான். உங்கள் நாட்டின் நடனத்தைத் தேடிப் போங்கள் என்று பாவ்லோவா தூண்டியதும், 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்ரா உருவானதும் பிறகு நடந்தவை.

மேலே போகும் வித்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலேக் கதைகளில் தேவதைகளும் ஆவிகளும் புகுந்தன. தரையில் கால் படாத மாதிரி ஆட வேண்டும். 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீத்' என்ற பாலேயில் மாரி தாலியோனி விரல் நுனியில் நின்று ஆடியதுதான் பெரிய திருப்பம். இதற்குப் பாயின்ட் என்று பெயர்.

பாயின்ட் ஷூவுக்குள் இரும்போ மரக்கட்டையோ இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடையாது. துணியும் காகிதமும் அடுக்கடுக்காகப் பசையில் தோய்த்துக் காயவைத்த ஒரு கூடு, உள்ளங்காலுக்குக் கீழே ஒரு விறைப்பான பட்டை, மேலே சாட்டின் துணி. வியர்வை பட்டால் கூடு தளரும். பெரிய வேடம் ஆடுகிறவருக்கு ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடி போய்விடுவது சாதாரணம். புதுச் செருப்பை அப்படியே போடுவதும் இல்லை: அடிப்பட்டையை வளைத்துப் பழக்கி, கூட்டைச் சுவரில் தட்டி, ரிப்பனைத் தானே ஊசி நூலெடுத்துத் தைத்துக்கொள்வார். சில வருஷப் பயிற்சி முடியாமல், பதினோரு பன்னிரண்டு வயதும் ஆகாமல் பிள்ளைகளைப் பாயின்ட்டில் ஏற்றவும் மாட்டார்கள். நிற்கவைப்பது செருப்பு இல்லை. கணுக்காலும் பாதமும் முதுகும்தான்.

தாவும்போது காற்றில் மிதப்பதுபோலத் தெரிகிறதே, அது எப்படி? இதற்கு ஒரு சொல் வேண்டும்: ஈர்ப்பு மையம். உடம்பின் எடை முழுதும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி. நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். நீங்கள் தாவிய பிறகு அந்தப் புள்ளி எறிந்த பந்தைப் போல ஒரு வளைவில் ஏறி இறங்கும். யாராலும் அதை நடுவானில் மாற்ற முடியாது. அறுபது சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் இருப்பது ஏறக்குறைய 0.7 விநாடி, அவ்வளவுதான்.

ஆனால் புள்ளி போகும் வளைவை மாற்ற முடியாவிட்டாலும், புள்ளி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதை மாற்றலாம். கிரான் ஜெத்தே என்ற பெருந்தாவலில், உச்சிக்குப் போகும்போது கால்களை இரண்டு பக்கமும் விரித்து உயர்த்துகிறார்கள். கால்கள் மேலே வந்ததும் ஈர்ப்பு மையமும் உடம்புக்குள் சற்று மேலே நகர்கிறது. வளைவு ஏறிய அளவைக் கால்களே எடுத்துக்கொள்வதால், தலையும் தோளும் கொஞ்ச நேரம் ஒரே மட்டத்தில் போகின்றன. நம் கண் தலையைத்தான் பார்க்கிறது, "மிதக்கிறாள்" என்கிறோம்.

'ஸ்வான் லேக்' பாலேயின் 32 சுழற்சியும் இதுபோலத்தான். 1895இல் பீட்டர்ஸ்பர்கில் பியரீனா லென்யானி என்ற இத்தாலியப் பெண் ஆடி நிலைநிறுத்தியது அது. நுனிக்காலில் நின்று, இறங்காமலே 32 தடவை சுற்றுகிறார் என்று சொல்வார்கள். அடுத்த தடவை நின்ற காலைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் தரைக்கு வந்து, முழங்கால் மடிந்து, தரையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு மறுபடி ஏறும். வெளியே வீசும் இன்னொரு கால் முழங்காலுக்கு வந்து சேரும்போது சுற்றும் வேகம் கூடும். இந்த வீச்சினால்தான் இதற்குச் சவுக்கடி என்று பொருள்படும் ஃபுவெத்தே என்ற பெயர். கஷ்டமே அந்த 32 இறக்கங்களை நாம் கவனிக்காதபடி செய்வதில்தான் இருக்கிறது.

இதுவரை: டர்ன்அவுட் காலுக்கு எல்லையை விரித்துக் கொடுக்கிறது, பாயின்ட் நிற்கும் இடத்தை ஒரு நுனியாகச் சுருக்குகிறது, தாவல் கண்ணை ஏமாற்றுகிறது. மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: எடையை மறைப்பது.

செருப்பைக் கழற்றியவர்கள்

இந்த மறைப்பு சிலருக்குச் சலித்துப்போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண் இசடோரா டங்கன் செருப்பையும் இறுக்கமான கச்சையையும் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஆடினார். அடுத்த தலைமுறையில் மார்த்தா கிரஹாம். 1926இல் நியூயார்க்கில் குழு தொடங்கியவர், அசைவை மூச்சிலிருந்து கட்டினார். ஒருமுறை பலமாக இருமிப் பாருங்கள். வயிறு உள்ளே இழுபட்டு, முதுகு வளைகிறதல்லவா? அதைப் பெரிதாக்கினால் அவருடைய கான்ட்ராக்‌ஷன். மூச்சு உள்ளே வந்து முதுகு நிமிர்ந்தால் ரிலீஸ். 1930இல் அவர் அமைத்த 'லாமென்டேஷன்' என்ற தனி நடனத்தில், நீண்டு கொடுக்கும் துணிக் குழாய் ஒன்றுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். முகமும் கையும் பாதமும் மட்டும் வெளியே தெரியும். உள்ளிருந்து துணியை இழுக்க இழுக்கத் துக்கம் தெரியும். கால் ஒரு அடிகூடத் தாவாமல் ஒரு நடனம்.

இந்தக் கட்டத்தை மாடர்ன் டான்ஸ் என்பார்கள். அதற்குப் பிறகு, ஏறக்குறைய 1950க்கு மேல் கிளைத்ததையெல்லாம் சேர்த்துத்தான் கன்டெம்பரரி என்கிறோம்; கோடு அவ்வளவு கறாரானது இல்லை. மெர்ஸ் கன்னிங்ஹாம் நாணயம் சுண்டி அசைவுகளின் வரிசையை முடிவு செய்தார்; இசையையும் நடனத்தையும் தனித்தனியே உருவாக்கி மேடையில் சந்திக்கவைத்தார். 1962இல் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளைஞர்கள், நடப்பதும் ஓடுவதும் உட்காருவதும் நடனமாகாதா என்று கேட்டார்கள். ஜெர்மனியின் வுப்பர்டாலில் பீனா பௌஷ் நடனத்தையும் நாடகத்தையும் கலந்தார்.

எல்லாமே பாலேயை எதிர்த்துப் பிறந்தவை என்றும் எண்ண வேண்டாம். சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா பரதநாட்டியத்திலிருந்து புறப்பட்டவர். களரியையும் யோகத்தையும் சேர்த்து 1985இல் 'அங்கிகா'வை அமைத்தார். அதையும் தற்கால நடனம் என்றுதான் சொல்கிறோம். அதில் பாலேயின் வாசனைகூடக் கிடையாது.

விழுவதற்கு ஒரு பாடம்

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம்.

விழித்திருக்கும் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது சுலபம். அதே குழந்தை தூங்கிவிட்டால் கனக்கும். எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. விழித்திருக்கும்போது குழந்தையே தன் முதுகை நிமிர்த்தி, கையால் தோளைப் பிடித்து, உங்களுக்கு வேலையைக் குறைத்தது. தூங்கியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் தொங்குகிறது.

பாலேக்காரர் என்றும் விழித்திருக்கும் குழந்தை. கூட ஆடுபவர் தூக்கும்போதுகூட, தூக்கப்படுகிறவர் தன் உடம்பைத் தானே இறுக்கிப் பிடித்திருப்பார். கன்டெம்பரரியின் பல பாணிகளில் வேண்டுமென்றே அந்தப் பிடியை விடுகிறார்கள். கையைத் தூக்கி, தசையைத் தளர்த்தி, தானாக விழவிட்டு, விழுந்த வேகத்திலேயே அடுத்த அசைவுக்குப் போகிறார்கள். ஊஞ்சல் இறங்கிய வேகத்தில் மறுபக்கம் ஏறுவதைப் போல.

முழு உடம்பும் விழுவது எப்படி? மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரைப் பாருங்கள். மேலிருந்து தொப்பென்று போட்டால் மூட்டை கிழியும். அவர் அதை முதுகோடு சரியவிட்டு, இடுப்பில் வாங்கி, தொடையில் தேய்த்துத் தரைக்குக் கொண்டுபோவார். கன்டெம்பரரி வகுப்பிலும் இதையே தன் உடம்பை வைத்துச் செய்யச் சொல்வார்கள். முழங்கால் சில்லு, முழங்கை, வால் எலும்பு மூன்றும் தரையை அடிக்கக் கூடாது. முதலில் முழங்காலை ஆழமாக மடித்து ஈர்ப்பு மையத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பாதி விழுதல் அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடையின் பக்கம், இடுப்பின் சதை, பிறகு முதுகு என்று சதைப்பற்றான இடங்கள் வரிசையாகத் தரையைத் தொடும். கை முன்னால் வழுக்கிக்கொண்டு நீளும். அடி ஒரே இடத்தில் விழாமல் நேரத்திலும் இடத்திலும் பரவிவிடும். சரியாக விழுந்தால் சத்தமே வராது. தடாலென்று கேட்டால் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார்.

இதை இருவர் சேர்ந்து செய்வதும் உண்டு. 1972இல் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன் அதுதான்: இருவர் உடம்பும் தொடும் ஒரு புள்ளி வழியாக எடையைக் கொடுத்து வாங்கி, அந்தப் புள்ளி எங்கே நகர்கிறதோ அங்கே போவது.

ஆக, பாலே எடையை மறைக்கிறது. கன்டெம்பரரியில் பெரும்பகுதி அதைக் காட்டுகிறது, பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டுக்கும் வேண்டிய பயிற்சியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பல கன்டெம்பரரிக் குழுக்களின் காலை வகுப்பே பாலே வகுப்புதான் என்று கேட்டால் போட்டி நடுவர்கள் சிலருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஒரே இசை, இரண்டு மேடை

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்ற இசை. வசந்தம் வருவதற்காக ஒரு பெண் சாகும்வரை ஆடிப் பலியாவது கதை.

1913 மே 29 அன்று பாரிஸில் இதை முதலில் ஆடியது ஒரு பாலேக் குழு. அமைத்தவர் நிஜின்ஸ்கி, அந்தக் காலத்தின் மிகப் பெரிய தாவல்காரர். அவர் என்ன செய்தார்? கால்களை உட்பக்கம் திருப்பினார். முழங்கால்கள் கூடி, உடம்பு கூனி, தரையைக் கனமாக மிதித்துக் குதிக்க வைத்தார். டர்ன்அவுட் என்ற இலக்கணத்தையே தலைகீழாக்கியதும் அரங்கில் கூச்சல் கிளம்பியது. ஆடுகிறவர்களுக்கு இசை கேட்காமல்போக, நிஜின்ஸ்கி பக்கத் திரைக்குப் பின்னால் நாற்காலியில் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்தினார். அதாவது பாலேயின் விதியை மேடையில் முதலில் பலமாக உடைத்தவர்களில் ஒருவர் பாலேக்காரரேதான்.

1975இல் பீனா பௌஷ் அதே இசையை எடுத்தார். மேடை முழுக்க ஈரமான கரிமண். வெறுங்கால். பெண்களுக்கு மெல்லிய வெளிர் உடை. யாரைப் பலி கொடுப்பது என்பதைச் சொல்ல ஒரு சிவப்பு உடை. ஆட ஆட வியர்வையில் மண் ஒட்டும். மண்ணில் கால் புதைவதால் தாவுவதே பெரும்பாடு. ஒவ்வொரு அசைவுக்கும் உடம்பு கொடுக்கும் விலை கண்ணெதிரே தெரியும். மூச்சு வாங்கும் சத்தம் முன்வரிசைவரை கேட்கும். களைப்பை நடிக்கத் தேவையில்லை.

பாலேயின் தாய்வீடான பாரிஸ் ஆப்பரா 1997இல் இந்தப் படைப்பைத் தன் குழுவுக்காக வாங்கிக்கொண்டது. முந்தின வாரம் வெள்ளை உடையில் 'ஜிசெல்' என்ற பழைய பாலேயை ஆடக்கூடிய அதே பெண்கள், பாயின்ட் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு மண்ணில் இறங்கினார்கள். இடைவேளையில் காபி குடிக்கப் போகாமல் உட்கார்ந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம்: மேடை ஊழியர்கள் தொட்டி தொட்டியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, வாரியலால் ஒரே மட்டமாகப் பரப்புவார்கள். பெரியம்மாவுக்கு இந்தக் காட்சியைக் கைப்பேசியில் காட்டினேன். "விழுறவங்களுக்கு அடிபடாம இருக்கவா?" என்றார். இல்லை பெரியம்மா, ஆடுவது இன்னும் கஷ்டமாக இருப்பதற்கு.